பந்தல் போடுமுன் யாரிடம் கேட்கணும்? பொது இடத்தில் நிழல் அமைப்பதற்கான விதிகள்

சித்திரை பிறந்துவிட்டால் நம் ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஒரு பந்தல் போட்டா என்ன?" தண்ணீர்ப் பந்தல், கோயில் கொடைக்குப் பந்தல், கல்யாண வீட்டு வாசலில் பந்தல், கடை முன்னால் பச்சை வலை என்று நிழலுக்குப் பல வடிவம். விருதுநகர் மாவட்டம், அருப்புக்கோட்டை வட்டத்தில் உள்ள ஓர் ஊருக்குப் பேரே பந்தல்குடி. கரிசல் காடும் சீமைக்கருவேலமும் சூழ்ந்த அந்த வறண்ட பகுதியில் நிழலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பந்தல் நிற்கும் இடம் நம்ம வாசல் தாண்டித் தெருவாகவோ, சாலையாகவோ, பொது மைதானமாகவோ இருந்தால், அது எல்லோருக்கும் சொந்தமான இடம். அங்கே நிழல் போடலாம், கேட்டுத்தான் போடணும். யாரிடம் கேட்பது, எதைக் கவனிப்பது, எப்போது பிரிப்பது? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

விதி எதற்கு?

"நாலு பேருக்கு நிழல் கொடுக்கிற நல்ல காரியத்துக்கு அனுமதி எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலை நம் மாநிலத்தின் அனுபவமே சொல்கிறது.

1997 ஜூன் 7 அன்று தஞ்சாவூர் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்தில் மணமகன் உட்படப் பலர் இறந்தனர். அங்கேயும் தீ வேகமாகப் பரவியது கீற்றுப் பந்தலில்தான். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் மாவட்டம் களிமேட்டில் தேர் அலங்காரம் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். அது பந்தல் இல்லை. ஆனால் மின்கம்பிக்குக் கீழே எதையாவது உயர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு எச்சரிக்கை வேண்டாம்.

இதெல்லாம் நல்ல நாளில், நல்ல எண்ணத்தோடு கூடிய இடங்களில் நடந்தவை. அனுமதி கேட்கும்போது இன்னொரு ஜோடிக் கண்கள் அந்த இடத்தைப் பார்க்கின்றன. விதியின் பயன் அதுதான்.

முதல் கேள்வி: இடம் யாருடையது?

விண்ணப்பம் எழுதும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஊருக்குள் நாலு வகைச் சாலை இருக்கலாம்.

1. ஊராட்சித் தெரு, ஊராட்சி மைதானம்: ஊராட்சி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கணும். தலைவர் பொறுப்பில் இருந்தால் அவர் பெயருக்கு. தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர் பெயருக்கு. பொதுச் சாலையை மறித்தோ, அதன் மேலே நீட்டியோ எதையும் அமைக்கக் கூடாது என்பதை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 131-ஆவது பிரிவில் சொல்கிறது.

2. ஊராட்சி ஒன்றியச் சாலை: வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்கணும்.

3. மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை: நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகம். அனுமதியில்லாத ஆக்கிரமிப்பை அகற்ற 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் இத்துறைக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

4. தேசிய நெடுஞ்சாலை: பந்தல்குடி வழியாகப் போகும் மதுரை–தூத்துக்குடி சாலை இந்த வகை. "ஓரமாத்தானே போடுறோம்" என்று இங்கே பந்தல் கால் ஊன்ற வேண்டாம். வேகமாக வரும் வண்டிக்கு ஓரம் என்பதும் ஓட்டும் பாதைதான். தண்ணீர்ப் பந்தலை ஊருக்குள் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் குடிக்க வருகிறவருக்கும் பாதுகாப்பு.

எந்தச் சாலையாக இருந்தாலும் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்கணும். இது புது வழக்கம் இல்லை. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலேயே 'பந்தல்' என்ற நம் சொல் இடம்பெற்றிருந்தது. காவல்துறையின் இசைவோடு, நிபந்தனைகளுடன், பொதுத் தெருவில் தற்காலிகமாகப் பந்தல் அமைக்க நகராட்சி உரிமம் தரலாம் என்றது அச்சட்டம். 'தற்காலிகமாக', 'நிபந்தனைகளுடன்' என்ற இரண்டு சொல்லையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழாப் பந்தல் என்றால்

விநாயகர் சதுர்த்திச் சிலைகளுக்காக 2018 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை நல்ல மாதிரி. சார் ஆட்சியர் அல்லது வருவாய் கோட்டாட்சியரிடம் (மாநகரங்களில் உதவி காவல் ஆணையரிடம்) விண்ணப்பிக்கணும். அதோடு இட உரிமையாளர் அல்லது உள்ளாட்சி அமைப்பு, காவல்துறை, தீயணைப்புத் துறை, மின்வாரியம் ஆகியவற்றின் தடையில்லாச் சான்று வேண்டும். கொட்டகை எளிதில் தீப்பற்றாத பொருளில் இருக்கணும். பந்தல்குடிக்காரர்களுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் அருப்புக்கோட்டையிலேயே இருக்கிறது.

மற்ற விழாக்களுக்கும் இதே வரிசையில் கேட்டு வாங்கி வைத்தால், கடைசி நேரத்தில் "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்ற கேள்வி வராது.

கால் ஊன்றும் முன் அளவு பாருங்கள்

பந்தல்களின் தீப் பாதுகாப்புக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 8758 என்ற வழிகாட்டியை வைத்திருக்கிறது. அதிலிருந்து நம் ஊர்ப் பந்தலுக்கு முக்கியமானவை:

• மின்சாரம் ஓடும் கம்பிக்கு அடியில் பந்தல் கூடாது.
• கூரை உயரம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது சுமார் 10 அடி.
• பக்கத்துக் கட்டடத்துக்கும் பந்தலுக்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி வேண்டும்.
• துணை மின்நிலையம், ரயில் பாதை, அடுப்பு எரியும் உலை போன்றவற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கணும்.
• செயற்கை இழைத் துணி, நைலான் கயிறு வேண்டாம். தீப்பட்டால் உருகி மேலே சொட்டும். கட்டுவதற்குத் தேங்காய் நார்க் கயிறு நல்லது.

இவற்றோடு உள்ளூர் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சமையல் அடுப்பைப் பந்தலுக்குள் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் வெளியேற வழி விடுங்கள். தார்ச் சாலையைக் குத்திக் குழி தோண்டாமல், மண்ணோ கான்கிரீட்டோ நிரப்பிய தகர டின்னில் கம்பை நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 108 வண்டியும் தீயணைப்பு வண்டியும் நுழைந்து போக வழி இருக்கணும். தெருவின் கடைசி வீட்டில் ஒரு பிரசவ வலி என்றால் நம்ம பந்தலைப் பிரித்துவிட்டுத்தான் வண்டி போகணும் என்ற நிலை வரக்கூடாது.

விளக்குக்கும் மின்விசிறிக்கும் தற்காலிக மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். கம்பத்தில் கொக்கி போடுவது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 135-ஆவது பிரிவின்படி குற்றம். கம்பி தாழ்வாகத் தொங்கினால் 'மின்னகம்' எண் 94987 94987-இல் முதலில் சொல்லி, சரிசெய்த பிறகு பந்தல் வேலையைத் தொடங்குங்கள்.

கடற்கரையில் நிழல்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனால் பந்தல்குடிப் பக்கத்து மக்கள் விடுமுறைக்குத் திருச்செந்தூர், தூத்துக்குடி என்று போவதுண்டு. அங்கே குடை, கொட்டகை போட்டுத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கும் இதே பாடம்தான். இடம் மட்டும் மாறுகிறது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2019, ஊரகக் கடற்கரைகளில் சிறு குடில், இருக்கை, கழிப்பறை, குடிநீர் போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளை அனுமதிக்கிறது. அதற்கும் நிபந்தனை உண்டு. ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மைத் திட்டத்தில் அந்த இடம் இருக்கணும். உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளி அமைக்கணும். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற செங்கல்பட்டு மாவட்டம் கோவளம் கடற்கரையில் நிழற்குடைகள் திட்டமிட்டு அமைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். மணலில் இடம் நிறைய இருக்கிறதே என்று அவரவர் இஷ்டத்துக்குக் கொட்டகை போட்டால், கடல் பார்க்க வருகிறவருக்கும் வலை காய வைக்கும் மீனவருக்கும் கரை மிஞ்சாது.

பிரிக்கும் தேதியையும் எழுதுங்கள்

விண்ணப்பத்தில் பந்தல் போடும் நாளை எழுதுகிறோம். பிரிக்கும் நாளை மறந்துவிடுகிறோம். அக்னி நட்சத்திரத்துக்குப் போட்ட தண்ணீர்ப் பந்தல் ஆடி வரைக்கும் நின்றால் என்ன ஆகும் என்று கரிசல்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஆடிக் காற்று தகரத்தைப் பிடுங்கிச் சாலையில் வீசும். வெயிலில் இற்றுப்போன கயிறும் வலையும் அதைத் தாங்காது. வைகாசி முடிவதற்குள் பிரித்து, குழி இருந்தால் மூடி, இடத்தைக் கூட்டி ஒப்படையுங்கள். அடுத்த வருஷம் அனுமதி கேட்கப் போகும்போது அதுவே உங்களுக்குச் சிபாரிசு.

நிழல் கேட்பதும் உரிமை

இதுவரை நிழல் போடுகிறவர்களின் கடமையைப் பார்த்தோம். நிழல் இல்லாமல் நிற்பவர்கள் கேட்கவும் வழி இருக்கிறது. 100 நாள் வேலை என்று நாம் சொல்லும் திட்டத்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டமே, வேலைத்தளத்தில் குடிநீர், குழந்தைகளுக்கும் ஓய்வு நேரத்துக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை வேண்டும் என்று வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. வெயில் ஓர் ஆபத்து என்று அரசே ஏற்றுக்கொண்ட பிறகு, பேருந்து நிற்கும் இடத்தில் நிழற்குடை கேட்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

எங்கே கேட்பது? மே 1 கிராம சபையில் கேளுங்கள். "பேருந்து நிக்கிற இடத்துல நிழற்குடை வேணும், பக்கத்துல ரெண்டு வேப்பங்கன்னு நடணும்" என்று சொல்லி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதினால்தான் அடுத்த கூட்டத்தில் "என்ன ஆச்சு?" என்று கேட்க முடியும். பதில் வராவிட்டால் முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணில் பதிவு செய்யலாம்.

உங்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி

இன்று மாலை உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். இந்த ஐந்து கேள்விக்கும் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. நம்ம தெரு ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா?
2. மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது?
3. பந்தல் போட்ட பிறகும் 108 வண்டி போக இடம் இருக்குமா?
4. அனுமதி யாருடைய பெயரில் வாங்கணும்? பொறுப்பாளர் யார்?
5. பந்தலைப் பிரிக்கும் தேதி என்ன?

ஐந்துக்கும் பதில் கையில் இருந்தால் விண்ணப்பம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். நகல் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி, பந்தல் காலிலேயே ஒரு உறையில் போட்டுக் கட்டி வையுங்கள். யார் வந்து கேட்டாலும் காட்டலாம்.