ஈக்கள் கூறும் சாட்சியம்

கொலை வழக்கொன்றில் முதற்கண் எழும் வினாக்களுள் ஒன்று, இறந்தவர் எப்பொழுது இறந்தார் என்பதாகும். நேரம் தெளிவாயின், குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்நேரத்தில் எங்கிருந்தார் என ஆராய்தல் எளிதாகும்.

இதற்கு நம் நாட்டிலேயே தக்க உதாரணம் உண்டு. 1951 ஒக்டோபரில், கொழும்பிலே தம் மனைவியைக் கொன்றாரெனப் புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் மகாதேவ சதாசிவம் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவர் வீட்டைவிட்டுப் புறப்படுமுன்னர் மரணம் நிகழ்ந்ததா, பின்னர் நிகழ்ந்ததா என்பதே அவ்வழக்கின் உயிர்நிலை. உடற்சூடு தணிந்த அளவைக்கொண்டு பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் நேரத்தைக் கணித்தார். எதிரிதரப்பில் ஸ்கொத்லாந்து நிபுணர் சேர் சிட்னி ஸ்மித் சாட்சியமளித்தார். 1953இல் யூரர் சதாசிவம் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பளித்தனர். சில மணி நேரக் கணக்கிலே ஒருவரின் உயிர் ஊசலாடியதன்றோ!

ஆனால் உடற்சூடு என்னும் கடிகாரம் நெடுநேரம் ஓடுவதில்லை. உடல் சுற்றுப்புறத்தின் வெப்பநிலையை அடைந்ததும் அது நின்றுவிடும். அதன்பின் நாட்களை எண்ணித் தரவல்லவை பூச்சிகளே.

எங்கள் திருக்கோவிற் கடற்கரையிலே மீன் காயவைப்போர் ஈ மொய்க்காது காப்பதில் எத்துணைக் கவனஞ் செலுத்துகின்றனர்! ஈ முட்டையிட்டால் புழு உண்டாகும் என்பதை அவர் அனுபவத்தால் அறிவர். அழுகிய இறைச்சியிற் புழு தானே தோன்றும் என்றே முற்காலத்துப் பலரும் நம்பினர். இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி, துணியால் மூடிய பாத்திரத்து இறைச்சியிற் புழு உண்டாகாமையைக் காட்டி, 1668இல் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். இவ்வுண்மையே பூச்சிக் கடிகாரத்தின் அடிப்படை.

பச்சையும் நீலமுமாக மினுங்கும் ஈக்கள், பிணத்தின் வாசனையை உணர்ந்து விரைந்து வந்து முட்டையிடும். எம் நாடு போன்ற வெப்பநாட்டில் முட்டை ஒரு நாளுள் பொரிக்கும். புழு இருமுறை தோலுரித்து வளர்ந்து, பின் கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழப் பத்து நாட்களில் ஈயாக வெளிவரும். குளிர்நாட்டில் இவ்வளர்ச்சி மந்தமாகும். ஆகவே ஈயின் இனமும், புழுவின் பருவமும், அவ்விடத்து வெப்பநிலையும் தெரிந்தால், முட்டையிட்ட நாளைப் பின்னோக்கிக் கணிக்கலாம்.

இவ்வறிவுக்குப் பழைமையும் உண்டு. சீன நீதிபதி சோங் சி 1247இல் இயற்றிய நூலிலே ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. அரிவாளால் ஒருவன் கொல்லப்பட்டான். விசாரணை செய்தவர் ஊரவரின் அரிவாள்களையெல்லாம் வரிசையாக வைப்பித்தார். ஓர் அரிவாளை மட்டும் ஈக்கள் மொய்த்தன. கண்ணுக்குப் புலப்படாத குருதியின் மணத்தை அவை உணர்ந்தன. அதற்குரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

அண்மைக் காலத்து வழக்கொன்று பம்பாயிற் பிறந்து இங்கிலாந்திலே வைத்தியராயிருந்த பக் ரக்ஸ்டனுடையது. 1935 செப்டெம்பர் 29இல், ஸ்கொத்லாந்தின் மொபற் என்னும் ஊரருகே, ஓடையொன்றில் இரு பெண்களின் துண்டிக்கப்பட்ட உடற்பாகங்கள் காணப்பட்டன. அவற்றிலிருந்த புழுக்களை ஆராய்ந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக் கலாநிதி அலெக்சாண்டர் மேர்ன்ஸ், அவற்றின் வயது 12 முதல் 14 நாட்கள் எனக் கணித்தார். ரக்ஸ்டனின் மனைவியும் பணிப்பெண்ணும் காணாமற்போன காலத்தோடு அது பொருந்திற்று. மண்டையோட்டுப் படம் முதலிய ஏனைய சான்றுகளும் சேர்ந்தே குற்றத்தை நிலைநாட்டின. அவர் 1936 மே 12இல் தூக்கிலிடப்பட்டார். கொழும்பிற் பின்னர் சாட்சியமளித்த சிட்னி ஸ்மித், இவ்வழக்கின் ஆய்விலும் பங்குகொண்டவரே.

எனினும் இச்சாட்சியத்தையும் குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும். ஈக்கள் பெரும்பாலும் இரவில் முட்டையிடா. மழையும் உடலைச் சுற்றிய துணியும் அவற்றின் வரவைத் தாமதிப்பிக்கும். இறந்தவர் உட்கொண்ட மருந்து புழுவின் வளர்ச்சியை மாற்றும். ஆதலால் கணிப்பு, மரணத்தின் பின் கழிந்த மிகக் குறைந்த காலத்தையே காட்டும். புழுக்களிற் சிலவற்றை வெந்நீரிலிட்டு மதுசாரத்திற் பேணலும், சிலவற்றை உயிரோடு வளர்த்து இனமறிதலும், வெப்பநிலையைப் பதிதலும் இன்றியமையாதன. இவற்றிற் கவனம் தவறினால், ஈ பொய் கூறாது. நாமே பிழை கூறுவோம்.

கொன்றவர் யார் என ஈ கூறாது. காலத்தை மாத்திரமே கூறும். அக்காலம் குற்றவாளியை அகப்படுத்தவும் கூடும். குற்றமற்றவரைக் காக்கவும் கூடும். அற்பம் என நாம் கைவீசி விரட்டும் உயிரையும் பொறுமையோடு உற்றுநோக்கக் கற்ற மாணவனே, நாளை நீதிக்குத் துணைநிற்பான்.