பல் அடைப்பதற்கு முன் நீலக் களிம்பு எதற்கு?

கேள்வி: சொத்தைப் பல்லைப் பல் நிறக் காம்போசிட் கொண்டு அடைக்கும் முன், நீல நிறக் களிம்பு தடவிக் கழுவுவது ஏன்?

பதில்: காம்போசிட் தானாகப் பல்லில் ஒட்டாது. ஒட்டும் பரப்பை முதலில் பக்குவப்படுத்த வேண்டும். நீலக் களிம்பு பெரும்பாலும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம். அமிலத்தால் எனாமலைப் பதப்படுத்தும் இந்த முறையை அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் புவோனகோர் 1955-இல் வெளியிட்டார்.

எனாமலில் 15 முதல் 30 விநாடி அமிலம் பட்டால் நுண்குழிகள் உண்டாகும். கழுவி உலர்த்தியதும் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். அடுத்துப் பூசும் ஒட்டும் பிசின் அக்குழிகளில் இறங்கி, நீல ஒளி பட்டதும் இறுகி, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே இருக்கும் டென்டின் வேறு வகை. அங்கே சுமார் 15 விநாடி போதும். அமிலம் பட்ட டென்டினைக் காற்றடித்து முழுக்க வறட்டினால் கொலாஜன் இழைகள் அமுங்கிவிடும். பிசின் உள்ளே இறங்காது. பிடிப்பு குறையும், கூச்சமும் வரலாம். அதனால் லேசான ஈரம் விடப்படுகிறது.

பழைய காம்போசிட்டைப் பழுதுபார்க்க அமிலம் மட்டும் போதாது. அது பரப்பைச் சுத்தம்தான் செய்யும். வைர பர் எனும் சுழல்முனையால் தேய்த்தோ, அலுமினாத் துகளைப் பீய்ச்சியோ சொரசொரப்பாக்கிய பிறகே பிசின் பூச வேண்டும். சிலேன் என்ற இணைப்புப் பொருளைத் தடவுவதும் உண்டு.

பதப்படுத்திய பரப்பில் எச்சில் பட்டால் பிடிப்பு கெடும். எனவே சிகிச்சை முடியும்வரை நோயாளி வாயை மூடாமல் ஒத்துழைப்பது அவசியம்.