அரை டிகிரித் தாவல்

கேள்வி: அர்டுயினோ ஊனோவில் எல்எம்35 வெப்ப உணரியின் அளவு அரை டிகிரி அரை டிகிரியாகத் தாவுவது ஏன்? ஏடிசியை (அனலாக்-டிஜிட்டல் மாற்றியை) எப்படி அமைப்பது?

பதில்: ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லின் ஏடிசி 10 பிட் கொண்டது, ஒப்பு மின்னழுத்தத்தை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒப்பு 5 வோல்ட் என்றால் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்குத் தருவதோ 10 மில்லிவோல்ட்தான். தாவலுக்குக் காரணம் இதுவே; உணரியின் மேல் பழி இல்லை.

ஏடிமக்ஸ் பதிவகத்தில் உள் ஒப்பான 1.1 வோல்ட்டைத் தேர்ந்தால் படி சுமார் 1.07 மில்லிவோல்ட்டாகக் குறையும். 100 டிகிரி வரை தாராளமாக அளக்கலாம். அப்போது ஏரெஃப் முனையில் வெளி மின்னழுத்தம் எதுவும் இருக்கக் கூடாது. ஒப்பை மாற்றியபின் வரும் முதல் அளவீட்டை நம்பாமல் விட்டுவிடுவது நல்லது. உள்ளீட்டு வாய்க்கான எண்ணும் இதே பதிவகத்தில்தான்.

அடுத்தது கடிகாரம். முழு 10 பிட் துல்லியத்துக்கு ஏடிசிக்கு 50 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸை 128 ஆல் வகுத்தால் 125 கிலோஹெர்ட்ஸ். ஒரு மாற்றத்துக்கு 13 துடிப்புகள், அதாவது 104 மைக்ரோவினாடி. இந்த வகுத்தியும், ஏடிசியை இயக்கும் பிட்டும், மாற்றத்தைத் தொடங்கும் பிட்டும் ஏடிசிஎஸ்ஆர்ஏ பதிவகத்தில் உள்ளன. தொடங்கும் பிட் தானாக 0 ஆனதும் விடை தயார். விடையின் கீழ் பைட்டை முதலிலும் மேல் பைட்டைப் பிறகும் படிக்க வேண்டும்.