ஓடும்போதே சார்ஜ் ஏறுமா?

கேள்வி: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓடும்போதே பேட்டரி சார்ஜ் ஆகும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஆலங்குடி

பதில்: பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலேட்டரைத் தளர்த்தும்போதும் மட்டும் ஆகும். அப்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். 2024-இல் வந்த ஏத்தர் 450 அபெக்ஸ் ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை எதிர்த்திசையில் திருகினாலே இது நடக்கும்.

மலையிறக்கத்தில் லாபம் அதிகம். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சமதளத்தில் ஒரே வேகத்தில் போகிற உங்களுக்குக் கிடைப்பது சொற்பம். காற்றைக் கிழிக்கச் செலவான சக்தி திரும்பி வராது. பேட்டரி நிறைந்திருந்தால் அந்தச் சொற்பமும் ஏறாது. எனவே வீட்டில் சார்ஜ் ஏற்றுவதையே நம்ப வேண்டும்; அதற்கு நல்ல எர்த் உள்ள பிளக் பாயின்ட்டை முதலில் போட்டுவிடுங்கள்.