மடிக்கணினி வாங்கலும் மேம்படுத்தலும்: முக்கியக் குறிப்புகள்

(குரூப் 2, குரூப் 4, வங்கித் தேர்வுகளின் கணினிப் பகுதிக்குப் படிப்பவர்களுக்கும், அந்தப் படிப்புக்காகவே ஒரு லேப்டாப் வாங்க வேண்டியவர்களுக்கும்)

முதலில் ஒரு கணக்கு

லேப்டாப்பின் உண்மையான விலை தெரிய வேண்டுமானால், பில் தொகையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். ரூ.45,000-க்கு வாங்கியதை 3 ஆண்டில் மூலையில் போட்டால் ஆண்டுக்கு ரூ.15,000. மூன்றாம் ஆண்டில் மேலும் ரூ.5,000 செலவழித்து 6 ஆண்டு ஓட்டினால் 50,000 ÷ 6 = ரூ.8,333.

பின்னால் மாற்ற முடியாதவை: புராசசர், மதர்போர்டு, உடலின் உறுதி, பெரும்பாலும் திரை, சில மாடல்களில் ராம். மாற்ற முடிந்தவை: எஸ்.எஸ்.டி., பேட்டரி, ஸ்லாட் உள்ள மாடல்களில் ராம். கையிலிருக்கும் பணம் முதல் வரிசைக்குப் போகட்டும். கீழே வரும் எல்லாக் குறிப்புகளும் இந்த ஒன்றைத்தான் சுற்றிவருகின்றன.

வரலாறு: கேட்கப்படக்கூடியவை

• 1972: எளிதில் எடுத்துச்செல்லும் 'டைனாபுக்' என்ற கணினிக் கருத்தை விளக்கிய கட்டுரை. எழுதியவர் ஆலன் கே.

• 1981: ஆஸ்போர்ன் 1. வணிகரீதியில் வெற்றி பெற்ற, எடுத்துச்செல்லக்கூடிய முதல் கணினி. எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். உள்ளே பேட்டரி கிடையாது, சுவர் பிளக்கில்தான் ஓடும். ஆகவே இதை 'முதல் லேப்டாப்' என்று விடையளித்தால் தவறு.

இதை உருவாக்கிய ஆடம் ஆஸ்போர்ன் பாங்காக்கில் பிறந்தவர், வளர்ந்தது திருவண்ணாமலையில். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார். மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதியவர். ஆடம் 2003-இல் மறைந்தது கொடைக்கானலில். இந்தத் தொடர்பு நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். அவருடைய கணினியோடு எழுத்துப்பணி, கணக்குத்தாள் மென்பொருள்களும் சேர்ந்தே வந்தன. கூட்டிப் பார்த்தால் மென்பொருளின் மதிப்பே கணினி விலையை நெருங்கும். விலைக்கேற்ற மதிப்பு என்பதை அன்றே புரிந்துவைத்திருந்த மனிதர்.

• அந்த நிறுவனம் 1983-இல் திவாலானது. அடுத்த மாடல் வருகிறது என்ற செய்தி முன்பே பரவியதால் இருந்த மாடலை யாரும் வாங்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற சொல் இதிலிருந்து வந்தது.

• 1982: கிரிட் காம்பஸ். சிப்பி போல மடியும் வடிவம். வடிவமைத்தவர் பில் மாக்ரிட்ஜ். நாசா விண்கலங்களிலும் பயன்பட்டது.

• 1985: தோஷிபா டி1100. 1992: ஐ.பி.எம். திங்க்பேட். ஐ.பி.எம்.-இன் கணினிப் பிரிவை லெனோவா தன்வசமாக்கிய ஆண்டு 2005.

• தமிழ்நாடு: விலையில்லா மடிக்கணினித் திட்டம், 2011 செப்டம்பர் 15, முதல்வர் ஜெ. ஜெயலலிதா. கொள்முதல் செய்த நிறுவனம் எல்காட் (தொடக்கம் 1977). 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டாண்டில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தவர் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு.

புராசசர்: பெயரைப் பிரித்துப் படிக்கும் முறை

'ஐ7 சார், ஐ7!' என்று கடைக்காரர் சொன்னதும் பலர் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டுமே உதவும் பெயர்கள். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது.

ஐ7-7500யூ என்பது 7-ஆம் தலைமுறை, 2 கோர். ஐ3-1215யூ என்பது 12-ஆம் தலைமுறை, 6 கோர். பின்னது வேகம், மின்சிக்கனம் இரண்டிலும் முந்தும். அதோடு முன்னது விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை. இன்டெலில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. கடைசியில் 'யூ' என்றிருந்தால் குறைந்த மின்சாரம், 'ஹெச்' என்றிருந்தால் அதிக ஆற்றல், அதிகச் சூடு.

ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520யூ என்றால் ஜென் 2, 7530யூ என்றால் ஜென் 3, 7540யூ என்றால் ஜென் 4. பெட்டியில் 'ரைசன் 5, 7000 வரிசை' என்று ஒரே மாதிரிதான் அச்சிட்டிருக்கும். ஒரே ஓர் இலக்கத்தில் ஒரு தலைமுறையே மாறிவிடும்.

தேர்வு நோக்கில்: விண்டோஸ் 11 வெளியீடு 2021 அக்டோபர் 5. குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, டி.பி.எம். 2.0. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது 2025 அக்டோபர் 14. மூர் விதி: கார்டன் மூர், 1965.

ராம்

• 32-பிட் முகவரியின் எல்லை: 2-இன் 32-ஆம் அடுக்கு = 4,29,49,67,296 பைட், அதாவது 4 ஜிபி. அதற்கு மேல் பயன்படுத்த 64-பிட் இயங்குதளம் வேண்டும்.

• லேப்டாப் ராமின் முனை எண்ணிக்கை: டி.டி.ஆர்.3 – 204, டி.டி.ஆர்.4 – 260, டி.டி.ஆர்.5 – 262. பள்ளம் இருக்கும் இடமும் வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

• தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி, திரைக்குத் தேவையான நினைவகத்தை ராமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் 8 ஜிபி என்றாலும் முழு 8 கைக்கு வராது. 16 ஜிபி ஒன்றாகப் போடுவதைவிட 8 + 8 என்று இரண்டு ஸ்லாட்டிலும் போட்டால் இரு வழியாகத் தகவல் போகும், வேகம் கூடும்.

என் அனுபவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒல்லியாக, கைக்கு இலேசாக இருந்த ஒரு மாடலை 8 ஜிபியுடன் வாங்கினேன். 'ராம் அப்புறம் ஏத்திக்கலாம் சார்' என்றார் விற்றவர். ஒன்றரை வருடம் கழித்து 8 ஜிபி ராம் ஒன்றை வாங்கிக்கொண்டு, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்லாட்டே இல்லை. ராம் சில்லுகள் நான்கும் மதர்போர்டின் மேலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. விவரக்குறிப்பில் 'எல்.பி.டி.டி.ஆர்.' என்று தெளிவாகவே இருந்திருக்கிறது, அந்த 'எல்.பி.'யின் பொருள் அன்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தவறு உங்களுக்கு நேரக் கூடாது. எல்.பி.டி.டி.ஆர். என்று கண்டால் பெரும்பாலும் அது பற்றவைத்தது என்று கொள்ளுங்கள். வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிடுங்கள்.

கடையிலேயே பார்க்க வழியுண்டு. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மெமரி பகுதிக்குப் போனால் மொத்த ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். பற்றவைத்த சில்லையும் சில கணினிகள் ஸ்லாட்டாகவே எண்ணிக் காட்டும் என்பதால், மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் பராமரிப்புக் கையேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள்.

2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை பெருகி நினைவகச் சில்லுகளின் விலை ஏறியது. 'பிறகு மலிவாகப் போட்டுக்கொள்ளலாம்' என்ற பழைய கணக்கு எப்போதும் பலிக்காது. வாங்கும் நாளில், கூடுதல் ராமுடன் வரும் மாடலுக்கும் தனி ராமுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

எஸ்.எஸ்.டி.: பழைய கணினிக்கு முதல் மருந்து

வேக ஒப்பீடு (நொடிக்கு, தோராயமாக): 5,400 சுழற்சி ஹார்டு டிஸ்க் – 100 எம்பி. சாட்டா எஸ்.எஸ்.டி. – 550 எம்பி. பி.சி.ஐ.இ. 3.0 என்.வி.எம்.இ. – 3,500 எம்பி. பி.சி.ஐ.இ. 4.0 – 7,000 எம்பி.

ஹார்டு டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.-க்குப் போகும்போது வரும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். 3.0-இலிருந்து 4.0-க்குப் போவதை பி.டி.எஃப். படிப்பவர் உணரவே மாட்டார். அந்த வித்தியாசத்துக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

அக்கா மகனிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அப்படித்தான் திறக்கும். புதிதே வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். ஒரு வெள்ளைத்தாளில் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதே இடத்தில் செல்லோடேப்பால் ஒட்டினேன். இது முக்கியம்: திருகுகளின் நீளம் ஒன்றுபோல் இருக்காது, நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் மேல்புறமே வீங்கிவிடும். பழைய ஏ.டி.எம். கார்டை விளிம்பில் விட்டு நகர்த்த, மூடி விட்டுக்கொடுத்தது. முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.-யை அதே இடத்தில் செருகினேன். விசிறியில் கம்பளி போல் அடைந்திருந்த தூசியையும் பிரஷ்ஷால் எடுத்தேன். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பிறகு அரை நிமிடத்துக்குள் திறந்தது. அந்தப் பையன் அதிலேயே கல்லூரியை முடித்தான்.

எம்.2 வகையில் கவனம் தேவை. 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் சில ஸ்லாட்கள் சாட்டாவை மட்டும், சில என்.வி.எம்.இ.-ஐ மட்டும் ஏற்கும்.

512 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 476 என்று காட்டுவது ஏன்? நிறுவனம் 10-இன் அடுக்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 2-இன் அடுக்கில் எண்ணுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. 1 டிபி 931 ஆகத் தெரிவதும் இதனால்தான்.

ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஃபூஜியோ மசுவோகா (தோஷிபா). முதல் ஹார்டு டிஸ்க் ஐ.பி.எம். 350, ஆண்டு 1956.

திரை, பேட்டரி

1366 × 768 திரையை இனி வாங்காதீர்கள். 1920 × 1080 திரையில் ஏறக்குறைய இரு மடங்கு புள்ளிகள். பாடப்புத்தகத்தின் முழுப் பக்கத்தையும் தமிழ் எழுத்து சிதையாமல் படிக்கலாம். ஐ.பி.எஸ். வகையாக இருந்தால் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறாது.

பேட்டரியின் கொள்ளளவு = வோல்ட் × ஆம்பியர்-மணி = வாட்-மணி. 100 வாட்-மணி வரை விமானத்தில் எடுத்துச்செல்லத் தனி அனுமதி தேவையில்லை. உதிரி பேட்டரி கைப்பையில் மட்டும். லித்தியம் அயனி பேட்டரியை 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி. 2019 வேதியியல் நோபல்: குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ.

விலையும் வரியும்

• லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18%. மாநிலத்துக்குள் வாங்கினால் 9 + 9. ரூ.59,000 விலையில் அடிப்படை 50,000, வரி 9,000. (59,000-இல் 18% கழிப்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்.)

• எம்.ஆர்.பி. என்றால் எல்லா வரியும் உட்பட. அதன்மேல் வரி கேட்பது சட்டவிரோதம்.

• 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'யில் வட்டி, தள்ளுபடியாகச் சரிசெய்யப்படுகிறது. ஆனால் வங்கி அந்த வட்டிமீது விதிக்கும் 18% ஜி.எஸ்.டி.-யும் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில்தான் வரும்.

• 2023 ஆகஸ்ட் 3: லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் என்ற அறிவிப்பு (எச்.எஸ்.என். 8471). பின்னர் தள்ளிவைக்கப்பட்டு, நவம்பர் 1 முதல் இறக்குமதி மேலாண்மை முறையாக வந்தது. தகவல் தொழில்நுட்ப வன்பொருளுக்கான உற்பத்தி ஊக்கத்தொகை 2.0: 2023 மே, ரூ.17,000 கோடி.

செகண்ட் ஹேண்ட்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் எல்லாம் இதற்குப் பேர்போன இடங்கள். நிறுவனங்கள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்த அலுவலக மாடல்கள் நல்ல தேர்வு. உடல் உறுதி, உதிரி பாகம் கிடைக்கும், மூடி எளிதில் திறக்கும். புது மலிவு மாடலைவிட இவற்றை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

அங்கேயே நின்று பாருங்கள்: கீலை ஒரு கையால் திறந்து மூடினால் முனகுகிறதா, எல்லா விசையும் எழுத்தைத் தருகிறதா, சார்ஜரைப் பிடுங்கினால் அணைகிறதா, பயாஸில் கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வடிவமைப்புக் கொள்ளளவு 41,000, இப்போது நிரம்புவது 28,700 என்றிருந்தால் மிச்சம் 70%. புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசலாம். அடியிலுள்ள லேபிளில் பி.ஐ.எஸ். பதிவின் 'ஆர்' எண்ணைத் தேடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரியவந்தால் பணமும் போகும், படிப்பு நேரமும் போகும்.

நுகர்வோர் உரிமை

• நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறை 2020 ஜூலை 20. மாவட்ட ஆணையம் ரூ.50 லட்சம் வரை, மாநில ஆணையம் 2 கோடி வரை, அதற்கு மேல் தேசிய ஆணையம். ரூ.5 லட்சம் வரையுள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டு. உதவி எண் 1915.

• தேசிய நுகர்வோர் தினம் டிசம்பர் 24, உலக நுகர்வோர் உரிமை தினம் மார்ச் 15. பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் 2022 டிசம்பர் 24-இல் தொடங்கப்பட்டது.

• மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா? நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். வாங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பழையதை என்ன செய்வது

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை சில நூறு ரூபாய் யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டால் வெளிச்சேமிப்பு ஆகிவிடும். பாடக்குறிப்புகளின் நகலுக்குப் போதும். விற்பதானால் முழுவதும் அழித்துவிட்டு விற்கவும். மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, நடைமுறை 2023 ஏப்ரல் 1. உப்பிய பேட்டரியைக் குத்தவோ, குப்பைத்தொட்டியில் போடவோ கூடாது. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ கொடுக்கவும்.