வீட்டு வேதபாடக் கூட்டம்: விசுவாசம் வேர் பிடிக்க 18 குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து, "ஐயா, இது எனக்கு நம்ப முடியவில்லையே" என்று சொல்ல முடியாது. பத்துப் பேர் பாய் விரித்து வேதம் வாசிக்கிற வீட்டுத் திண்ணையில் சொல்லலாம். கடவுள்மேல் ஒருவருக்குச் சொந்தமாக நம்பிக்கை வருவதற்கு இப்படிச் சொல்லிவிட ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் மாதிரி ஊரில் ஒரு பக்கம் சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம். இன்னொரு பக்கம் கடலையும் முந்திரியும் விளைகிற கொல்லை. ஒருவர் வேலை முடிந்து வரும்போது அடுத்தவர் கிளம்புகிறார். இந்த ஓட்டத்துக்கு நடுவில் வாரம் ஒரு மணி நேரம் கூடி வேதம் படிக்க நினைப்பவர்களுக்குச் சில கைக்கு உதவும் குறிப்புகள்.

1. முதலில் ஷிப்ட்டைப் பாருங்கள். நாள் குறிப்பதற்கு முன் யார் யாருக்கு எப்போது வேலை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தோதான நாள் கிடைக்கவே கிடைக்காது. ஆகவே கிழமையையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறுகிற வாரத்தில் வர முடிந்தவர்கள் வரட்டும். ஏழரை என்றால் மூன்று பேர் இருந்தாலும் ஏழரைக்கே தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுங்கள். விடியற்காலையில் எழுந்து போகிறவர் அடுத்த வாரமும் வருவது, நீங்கள் நேரத்துக்கு முடிப்பதைப் பொறுத்தது.

2. பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருத்தால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பதின்மூன்றாவது ஆள் வந்ததும் அடுத்த தெருவில் இன்னொரு கூட்டம் தொடங்க யோசியுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து நடத்தும் அன்பியக் கூட்டங்களுக்கும் அடிப்படை இதுவே.

3. டீயும் அவித்த கடலையும் போதும். வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கூடும்போது, முதல் வீட்டில் கேசரி என்றால் இரண்டாம் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் வரும். மூன்றாம் வீட்டில் இருப்பவர் கூலி வேலைக்குப் போகிறவராக இருந்தால், தம் முறை வரும் வாரத்தில் கூட்டத்துக்கே வராமல் நின்றுவிடுவார். முதல் நாளே இதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

4. வேதப் புத்தகத்தைத் தூசியிலிருந்து காப்பாற்றுங்கள். சிமெண்ட் தூசி படியும் ஊரில் ஈரத்துணியால் அட்டையைத் துடைக்காதீர்கள், தூசி ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த பருத்தித் துணியால் தட்டித் துடையுங்கள். ஜிப் வைத்த உறை நல்லது. சுவரை ஒட்டி வைத்தால் கரையான் ஏறும். மூக்குக்கண்ணாடி போட்டும் எழுத்துத் தெரியாத பாட்டிக்காகப் பெரிய எழுத்துப் பிரதி ஒன்றும், மின்சாரம் போனால் ஏற்ற சார்ஜ் விளக்கு ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

5. மாற்கிலிருந்து தொடங்குங்கள். புதிதாகக் கூடுகிறவர்கள் ஆர்வத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்து, மூன்றாம் வாரமே மிருகத்தின் எண்ணுக்கு அர்த்தம் தேடிச் சண்டை போடுவார்கள். மாற்கு சுவிசேஷத்துக்கு 16 அதிகாரங்கள். வாரம் ஒன்றாக நாலு மாதத்தில் முடியும். அறுப்பு நேரத்தில் நீண்ட புத்தகம் எடுக்க முடியாது என்றால் ரூத் எடுங்கள். நாலே அதிகாரம், கதையும் வயலில்தான் நடக்கிறது. கவலை மிகுந்த காலத்துக்குப் பிலிப்பியர், அதற்கும் நாலு அதிகாரம்தான்.

6. இரண்டு முறை வாசியுங்கள். வாரம் ஓர் அதிகாரத்தை அவரவர் வீட்டில் வாசித்துவிட்டு வரட்டும். கூட்டத்தில் அதிலிருந்து பத்துப் பதினைந்து வசனங்களை மட்டும் எடுத்து நிதானமாக வாசியுங்கள். முதல் முறை ஒருவரே சத்தமாக. இரண்டாம் முறை ஆளுக்கு ஒரு வசனம். எழுத்துக்கூட்டிப் படிப்பவரை அவசரப்படுத்த வேண்டாம். வாசிக்கத் தெரியாதவரிடம் புத்தகத்தை நீட்டிச் சங்கடப்படுத்தாமல், "கேட்டதைக் கதையாகச் சொல்லுங்கள் அக்கா" என்று கேளுங்கள். படித்தவர்கள் கவனிக்காமல் விட்டதை அவர்தான் சொல்லுவார்.

7. மூன்று கேள்வி போதும். என்ன நடந்தது? இதில் கடவுள் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? இந்த வாரம் நான் எந்த ஒன்றை அவர் கையில் விடப்போகிறேன்?

மாற்கு 4-ஆம் அதிகாரக் கடைசியில் வரும் படகுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். புயல் அடிக்கிறது, இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பி, நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்கிற தொனியில் கேட்கிறார்கள். கோபத்தில் கேட்ட கேள்வி என்றாலும் அதையும் ஜெபமாக எடுத்துக்கொள்ள முடிகிறது. மாற்கு சொல்லும் வரிசையில் அவர் முதலில் கடலை அமைதிப்படுத்துகிறார், அதன் பிறகே ஏன் பயந்தீர்கள் என்று கேட்கிறார். இதே நிகழ்ச்சியை மத்தேயு 8-இல் பாருங்கள், வரிசை மாறியிருக்கும். ஏன் மாறியது என்று பேசத் தொடங்கினால் ஒரு மணி நேரம் போதாது. மூன்றாம் கேள்விக்கு மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் ஒதுக்குங்கள். பொண்ணு கல்யாணக் கடன், மகனின் தேர்வு, மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாதது என்று அவரவர் புயல் அந்த நேரத்தில்தான் வெளியே வரும்.

8. நடத்துகிறவர் பிரசங்கம் செய்யக் கூடாது. அவர் பேச்சு மொத்தமாகப் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் இல்லாமல் முடியும். மாதம் ஒருவர் நடத்தட்டும். பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பெயர் சொல்லிக் கிளற வேண்டாம், மூன்றாம் வாரம் தானே பேசுவார்.

9. சந்தேகத்துக்கு ஒரு பாட்டில். காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி நடுவில் வையுங்கள். கேட்கக் கூச்சமான கேள்வியைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் போடட்டும். வாரம் ஒரு சீட்டை எடுத்துப் பேசலாம். மாற்கு 9-இல் பிள்ளைக்குச் சுகம் தேடி வந்த தகப்பன், தன்னிடம் விசுவாசமும் இருக்கிறது, அவிசுவாசமும் இருக்கிறது என்று ஒரே மூச்சில் ஒப்புக்கொள்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவின் பெயரைத்தான் சென்னையில் ஒரு மலையே தாங்கி நிற்கிறது. பதில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை, கேட்டு வந்து சொல்கிறேன்" என்பது மரியாதையான பதில். மழுப்பினால் கேட்டவர் மறுபடி சீட்டுப் போட மாட்டார்.

10. இரண்டு மொழிபெயர்ப்பு வையுங்கள். சீர்திருத்தச் சபை வீடுகளில் பழைய பரிசுத்த வேதாகமம் இருக்கும், கத்தோலிக்க வீடுகளில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கும். ஒன்றில் ஆதியாகமம், மற்றதில் தொடக்கநூல். ஒன்றில் கர்த்தர், மற்றதில் ஆண்டவர். புத்தக எண்ணிக்கையும் 66, 73 என்று வேறுபடும். புரியாத வசனத்தை இரண்டிலும் வாசித்தால் பாதி முடிச்சு தானே அவிழும்.

11. 'விசுவாசம்', 'நம்பிக்கை' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பழைய வேதாகமத்தில் விசுவாசம் என்று இருக்கும் இடத்தில் திருவிவிலியம் நம்பிக்கை என்கிறது. ஊர்ப் பேச்சில் விசுவாசம் என்றால் சோறு போட்ட கையை மறக்காமல் இருப்பது. நாய்க்குக்கூட அதைச் சொல்கிறோம். நம்பிக்கை என்றால் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது. கடவுளிடம் நாம் வைத்திருப்பது இதில் எது என்று ஒரு வாரம் பேசிப் பாருங்கள். சிலரிடம் நன்றி நிறைய இருக்கும், சாவியைக் கொடுக்க மட்டும் கை வராது.

12. சபைச் சண்டையை வாசலில் விடுங்கள். நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் இருந்து பணி செய்த வீரமாமுனிவர், ஊர் ஊராகப் போய்ப் போதித்த வேதியர்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளை மறுத்து 'பேதகம் மறுத்தல்' எழுதியவரும் அவர்தான். அந்தத் தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அங்கே அச்சான சுவிசேஷங்கள் தஞ்சை அரசரின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. படித்துப் படித்து மனம் மாறி, பிற்பாடு தரங்கம்பாடி மிஷனின் உபதேசியாராகவே ஆனார் அவர். அந்தக் காலத்துப் பகை பெரிது. இன்று இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வேனில் பள்ளிக்குப் போகிறார்கள். ஞானஸ்நானம், மாதா வணக்கம் போன்ற விவாதங்களை ஆயரிடமும் பங்குத்தந்தையிடமும் வைத்துக்கொள்ளுங்கள். பாயில் உட்கார்ந்தால் அன்றைய பகுதியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

13. எண்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். பதினெட்டிலும் முக்கியமான குறிப்பு இதுதான். பக்கத்துக்கு நாலு கட்டம்: தேதி, என்ன வேண்டினோம், என்ன ஆனது, எந்தத் தேதியில். மூன்றாம் கட்டத்தை நேர்மையாக நிரப்புங்கள். "ஆபரேஷன் நல்லபடி முடிந்தது", "வேலை கிடைக்கவில்லை, வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம்", "பாட்டி இறந்துபோனார், கடைசி வாரம் பிள்ளைகள் எல்லோரும் வந்து பார்த்தார்கள்" என்று நடந்தது நடந்தபடி வரட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப் பகுதி எடுக்காமல் நோட்டை மட்டும் வாசியுங்கள். இல்லை என்று வந்த பதில்களுக்கு நடுவிலும் யாரும் தனியாக விடப்படவில்லை என்பது அப்போது தெரியவரும். சொந்த நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய உரம் கிடையாது.

14. பிள்ளைகளுக்கு ஒரு கல் கொடுங்கள். யோசுவா 4-இல் யோர்தானைக் கடந்தவர்கள் ஆற்றிலிருந்து பன்னிரண்டு கல் எடுத்து நாட்டுகிறார்கள். இந்தக் கல் எதற்கு என்று பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்கட்டும் என்பதற்காக. நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். அரியலூர் மண்ணே ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் கல்லாகிப்போன கடல் உயிர்களைப் பார்க்கலாம். நடந்ததைக் கல் மறப்பதில்லை என்று அவர்கள் கண்ணால் கண்டவர்கள். நோட்டில் ஒரு நன்றி எழுதும்போது பிள்ளை ஒரு கூழாங்கல்லை ஜாடியில் போடட்டும்.

15. கேட்டது வாசல் தாண்டக் கூடாது. "அவங்களுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க, வீட்டுக்காரர் மறுபடி குடிக்கிறாராம்" என்று தொடங்கும் பேச்சு ஜெபக்குறிப்பு ஆகாது, ஊர்வம்பு. சொன்னவர் அனுமதி இல்லாமல் கணவன் மனைவியிடம்கூடச் சொல்ல வேண்டாம். ஒருமுறை கசிந்தால் அந்தத் தெருவில் ஒருவரும் மனம் திறக்க மாட்டார்கள். மனிதரை நம்ப முடியாமல் போன இடத்தில் கடவுளை நம்பச் சொல்வது கடினம்.

16. பணப் பேச்சு வேண்டாம். காணிக்கைத் தட்டு, ஏலச்சீட்டு, கைமாற்று, பாத்திர வியாபாரம் எதுவும் கூட்டத்துக்குள் வரக் கூடாது. கஷ்டத்தில் இருப்பவருக்கு உதவ நினைத்தால் நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் செய்யுங்கள்.

17. மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறவரைப் பார்த்து "விசுவாசம் இருந்தால் இது எதற்கு" என்று கேட்பது ஆபத்து. அதேபோல, சுகம் கிடைத்தவர் சாட்சி சொல்லும்போது, சுகம் கிடைக்காதவரும் அதே பாயில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். அவருக்காக 88-ஆம் சங்கீதத்தை ஒருநாள் எடுங்கள். அது இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

18. உறைமோர் வாங்கலாம், பால் நம்முடையது. தயிர் உறை ஊற்றப் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்குவோம். பாலை நாம்தான் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். கூட்டத்தில் கேட்டது அந்த ஒரு கரண்டி. மறுநாள் அடுப்பு மூட்டுவதற்கு முன்போ, ஷிப்ட் முடிந்து கைகால் கழுவிய பின்போ, அதே பகுதியைத் தனியாக உட்கார்ந்து பத்து நிமிடம் வாசியுங்கள். ஷிப்ட்டால் வர முடியாதவருக்கு மூன்று நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவு அனுப்புங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவர் வீட்டுக்குப் போனால் "ஏன் வரவில்லை" என்று தொடங்காமல் "எப்படி இருக்கீங்க" என்று தொடங்குங்கள்.

பதினெட்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட முடியாது. ஒரு பாய், ஒரு நோட்டு, மாற்கு முதல் அதிகாரம், கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு வீடு. இந்த வாரத்துக்கு இது போதும். நோட்டின் முதல் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.