ஸ்லோவில் நிற்காத மாருதி 800

கேள்வி: அப்பா வாங்கிய 1997 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். கார்பரேட்டர் வண்டி. ராஜபாளையம் ரோட்டில் விட்டால் ஒரு குறையும் தெரியாது. ஊருக்குள் ரத வீதி நெரிசலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஆஃப் ஆகிவிடுகிறது. மெக்கானிக் கார்பரேட்டரைச் சுத்தம் செய்து, ஸ்லோவை ஏற்றி வைத்தார். சில நாள் தாங்கியது, பிறகு பழைய கதைதான். ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் சரியாக வேண்டும் ஐயா.
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: முதலில் ஸ்லோவை ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது கோளாறை மூடி வைக்கும், பெட்ரோலைக் குடிக்கும், அவ்வளவுதான்.

வண்டி ஓடும்போது பெட்ரோல் மெயின் ஜெட் வழியாக வருகிறது. ஸ்லோவுக்கு வழி வேறு, ஊசிமுனை அளவே துளையுள்ள ஸ்லோ ஜெட். ஓட்டம் நன்றாக இருப்பதால் பம்ப் மேல் எனக்குச் சந்தேகமில்லை.

இன்ஜின் சூடான பிறகு சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். வண்டி ஆஃப் ஆகாமல் ஸ்லோவில் நின்றால், ஒன்று பெட்ரோல் குறைகிறது அல்லது எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது. அடுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஸ்லோவுக்கான பெட்ரோலைத் திறந்துவிடும், கார்பரேட்டரில் உள்ள சாலினாய்டு 'டிக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் வயர் கழன்றிருக்கலாம், அல்லது சாலினாய்டே போயிருக்கலாம். கார்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் இது சரியாகாது!

'டிக்' கேட்டால் வேக்கம் ஹோஸ்களுக்கு வாருங்கள். இத்தனை வருடச் சூட்டில் ரப்பர் மொறமொறவென்று ஆகி, நுனியில் கீறல் விட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள், ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாமல். எதை அழுத்தும்போது ஸ்லோ நிமிர்கிறதோ, அதுதான் குற்றவாளி. கார்பரேட்டர் அடியிலுள்ள கேஸ்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் தெளித்துக் கசிவு தேடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. சூடான இன்ஜினில் அது தீயை அழைப்பது.

கடைசியாகத்தான் ஸ்லோ ஜெட். மேலாகக் கழுவியதில் அது தப்பியிருக்கலாம். கழற்றிக் காற்றடிக்கட்டும், கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதானால் மைலேஜ் போச்சு.

இன்னொன்று, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் மெலியும். இன்ஜெக்டரால் பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டி சென்சார் வைத்துச் சமாளித்துக்கொள்ளும், கார்பரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. பழைய ரப்பரையும் எத்தனால் அரிக்கும். ஹோஸ் மாற்றும்போது பெட்ரோல் ஹோஸையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் மிக்ஸர் ஸ்குரூவைப் புகைப் பரிசோதனை மீட்டர் வைத்து செட் செய்யட்டும். இவ்வளவும் பார்க்காமல் புது கார்பரேட்டர் வாங்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.